பிறவித் தலைவிக்கு ஒரு கிழவனின் யோசனை

தாயி, அந்தத் தாள மொதல்ல இங்க குடு. “நான் பிறவியிலேயே தலைமைப் பண்பு கொண்டவள்”னு எழுதி வச்சிருக்கியே, இத யாரு சொல்லிக் குடுத்தா? பிறவித் தலைவிகள நானும் பாத்திருக்கேன். அவுக யாரும் பதினொரு மாச ஒப்பந்த வேலைக்குச் சான்றிதழ் நகல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெயில்ல நின்னதா எனக்கு ஞாபகம் இல்ல. அந்த வரிய அடிச்சிரு.

கோவிச்சுக்காத. சுகாதாரக் கல்வியாளர் வேலைக்கு நேர்காணல் வருது, “உங்க தலைமை அனுபவத்தச் சொல்லுங்க”ன்னு கேப்பாக, என்ன சொல்லட்டும்னு என்கிட்ட வந்திருக்க. ஊர்ல இத்தன பட்டதாரிக இருக்கையில, கைநாட்டுக்கு ரெண்டெழுத்து கூடத் தெரிஞ்ச கிழவனத் தேடி வந்தியே, அந்தப் புத்தி ஒண்ணுக்கே வேலையக் குடுத்துரலாம். சும்மா சொல்லல. உங்க இலாகாக்காரவுக இத்தன வருசமா யாருக்குப் பாடம் எடுத்தாக? எனக்குத்தானே?

அம்மை குத்துறவரு வந்தா சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். மலேரியாக்காரவுக வீட்டுக்குள்ள டி.டி.டி. அடிச்சுட்டுச் சுவத்துல தேதி எழுதிட்டுப் போவாக. வீச்சம் தாங்கலன்னு மறுநாளே அந்தச் சுவத்த மெழுகிருவோம். மருந்தும் போச்சு, தேதியும் போச்சு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காரவுக சிவப்பு முக்கோணம் வரையாத சுவரு இந்த வட்டாரத்துல கிடையாது. அந்தச் சுவத்து நெழல்ல வளந்த புள்ளைக உன் சின்னத் தாத்தா வீட்டுல மட்டும் ஏழு. தொழுநோய்க்குப் படம் காட்ட வந்தவுக திரை கட்டினா ஊரே கூடும். படம் முடிஞ்சு விளக்கப் போட்டு அவுக பேச ஆரம்பிச்சா, திரையும் அவுகளும் மட்டும் இருப்பாக.

இத்தன வாத்தியாருககிட்டப் படிச்சிருக்கேன். யாரு பேச்ச ஊரு கேட்டுச்சு, யாரு பேச்சக் காத்துல விட்டுச்சுன்னு என்னையக் கேக்காம வேற யாரக் கேப்ப? மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அதிகாரிகளும் இந்த மாதிரி ஊருகள்ல அலைஞ்சு, எங்ககிட்ட அவமானப்பட்டு, அப்புறம் மேல போனவுகதான். அவுககிட்டப் போயி பூச்சாண்டி காட்டாத.

சரி, அடுத்த வரியப் படி. “ஐந்நூறு மாணவர்கள் பங்கேற்ற டெங்கு விழிப்புணர்வுப் பேரணிக்குத் தலைமை தாங்கினேன்.” அடேயப்பா! அந்தப் பேரணிய டீக்கடை பெஞ்சுலருந்து நானும் பாத்தேன். முன்னால பேனரு, பேனருக்கு முன்னால நீ, உனக்கு முன்னால போட்டோக்காரரு. பின்னால வந்த புள்ளைக “ஒழிப்போம், ஒழிப்போம்”னு கத்துச்சுக. எத ஒழிக்கிறதுன்னு கடைசி வரிசைக்குக் கேக்கல. டீக்கடைக்காரரு வேடிக்க பாத்துட்டுத் திரும்பி, புழு நெளியுற தொட்டியில தண்ணி மோந்து கிளாசக் கழுவினாரு. நேர்காணல்ல ஒரு அம்மா கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, “பேரணி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு அந்தத் தெருவுல என்னம்மா மாறியிருந்துச்சு?”ன்னு கேட்டா என்ன சொல்லுவ? புள்ளைகளுக்குத் தொண்ட கட்டியிருந்துச்சுன்னா?

பேரணி நடத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. நடத்து, போட்டோவும் எடு, பேப்பர்லயும் வரட்டும். ஆனா அத அனுபவம்னு அந்த மேசையில கொண்டுபோயி வைக்காத. அடுத்த நாள் காலையில அந்த டீக்கடைக்குப் போயித் தொட்டியக் காட்டி நீ என்ன பேசின, அவரு என்ன சொன்னாரு, அப்புறம் என்ன ஆச்சுங்கிற கதை உன்கிட்ட இருந்தா அத வையி.

இதுக்கு நேர் எதிரா ஒரு கூட்டம் இருக்கு. உன் சேக்காளி ஒருத்தி போன தடவ நேர்காணலுக்குப் போயிட்டு வந்து சொன்னாளே, நெனவிருக்கா? என்ன கேட்டாலும் “நாங்க போனோம், நாங்க பேசினோம், நாங்க முடிவு பண்ணினோம்”னே சொல்லிட்டு வந்திருக்கா. அடக்கமான புள்ள. ஆனா வேலை ஒரு ஆளுக்குத்தானே? “நாங்க”ங்கிற பேருல நியமன ஆணை அடிக்க முடியுமா? அதுல நீ யாரு, உன் மூளையில உதிச்சது எது, உன் கால் நடந்த தூரம் எதுன்னு தெரியாம அவுக எப்படி மார்க்குப் போடுவாக? அதனால ஒரு கணக்கு வச்சுக்க. ஊரு செஞ்சதச் சொல்லும்போது “அவுக செஞ்சாக”ன்னு சொல்லு. நீ எடுத்த முடிவச் சொல்லும்போது “நான்”னு சொல்லு. வாய் கூசாமச் சொல்லு. ரெண்டையும் மாத்திச் சொன்னா ஒண்ணு பொய், இன்னொண்ணு அசட்டுத்தனம்.

இப்ப நெசமான வெசயத்துக்கு வாரேன். உங்க வேலையில தலைமைன்னா என்னன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கியா? டாக்டரு கையில பேனா இருக்கு, எழுதினா மருந்து. கிராம சுகாதார நர்சு கையில ஊசி இருக்கு. சுகாதார ஆய்வாளரு பின்னால 1939-ல வந்த பொது சுகாதாரச் சட்டம் நிக்குது. தொட்டியில புழு இருந்தா நோட்டீசு குடுப்பாரு. உன் கையில என்ன இருக்கு? ஒரு படத்தொகுப்பு, ஒரு மைக்கு, ஒரு கையெழுத்து வாங்குற நோட்டு. நீ சொல்றத ஊரு கேக்கலன்னா உன்னால ஒரு ரேசன் அட்டைய நிறுத்த முடியுமா? நூறு நாள் வேலையில ஒரு ஆளக் கழிக்க முடியுமா? ஒண்ணும் முடியாது. அதிகாரமே இல்லாத ஆளு அடுத்தவன அசைக்கணும்னு ஒரு வேலை. அதனாலதான் தலைமையப் பத்தி இத்தன அக்கறையாக் கேக்குறாக.

நம்ம கம்மாயில நீர்பாய்ச்சி ஒருத்தரு இருந்தாரே, அவரு கணக்குத்தான் உனக்கும். கம்மா அவரோடது இல்ல, வயலு அவரோடது இல்ல, மடையத் திறக்கச் சொல்ற அதிகாரமும் ஊருக் கூட்டத்தோடது. ஆனா எந்த வயலு காஞ்சு கெடக்கு, எந்த வரப்பு ஒடைஞ்சிருக்கு, யாரு யாருகூடப் பேச்சுவார்த்த இல்லன்னு அவருக்குத்தான் தெரியும். அவரு ஒரு நாளு படுத்துட்டா கடமடைக்காரன் கண்ணுல தண்ணி வந்துரும். அவரு எந்த மேடையிலயும் ஏறினதில்ல.

நம்பிக்க இல்லன்னா நரம்புச்சிலந்திக் கதையக் கேளு. உங்க புத்தகத்துல கினியாப் புழுன்னு போட்டிருப்பாக. படிக்கிணத்துத் தண்ணிய அப்படியே குடிச்சா, அதுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியோட சேந்து புழுவோட குஞ்சும் வயித்துக்குள்ள போயிரும். ஏறக்குறைய ஒரு வருசம் கழிச்சு, கால்ல கொப்புளம் போட்டு, கையளவு நீளமில்ல, மொழக்கணக்குல புழு வெளிய வரும். குச்சியில சுத்திச் சுத்தி நாள்கணக்கா எடுக்கணும், அந்து போச்சுன்னா சீழ் பிடிச்சுக்கும். எரிச்சல் தாங்காம அதே கிணத்துல கால விட்டா, புழு தண்ணிக்குள்ள குஞ்ச விட்டுரும். ஒருத்தன் காலுலருந்து ஊரு வாயிக்கு. தமிழ்நாட்டுலயும் அது இருந்துச்சு.

இதுக்கு மாத்திரை உண்டா? கிடையாது. தடுப்பூசி? கிடையாது. கிணத்துத் தண்ணியில ஊத்துற மருந்தும், படிக்கிணத்த மூடி எறைக்கிற கிணறா மாத்தினதும், அடிபம்பும் ஒத்தாசை பண்ணுச்சு. ஆனா துணியில தண்ணிய வடிகட்டிக் குடி, புண்ணுக் காலோட கிணத்துல எறங்காதங்கிற ரெண்டு பேச்சு இல்லாம அது ஒழிஞ்சிருக்காது. 1996-ல நாட்டுல கடைசி நோயாளி. 2000-ல உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுல இந்த நோய் இல்லைன்னு எழுதியே குடுத்துருச்சு. இப்பச் சொல்லு, இதுக்குத் தலைமை தாங்கினது யாரு? பானை வாயில சேலைத் துணியக் கட்டின பொம்பளைக. அவுகளுக்கு அந்தப் பழக்கத்த உண்டாக்கிட்டு அடுத்த ஊருக்கு நடந்து போன ஆளுக பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்ல. அந்தப் பேரில்லாத ஆளு வேலைக்குத்தான் தாயி நீ மனு போட்டிருக்க. யோசிச்சுக்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல.

“எனக்கு அப்படியெல்லாம் அனுபவம் இல்லையே தாத்தா”ன்னு முழிக்கிற. காந்திகிராமத்துல 1964-லருந்து நடக்குற அந்தக் கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனத்துல டிப்ளமா படிச்ச. ஒட்டாவா சாசனம், 1986-னு ராத்திரி பூரா சத்தம் போட்டுப் படிச்ச. எங்க தூக்கம் போனதுதான் மிச்சம். பரிந்து பேசணும், இயலச் செய்யணும், நடுவுல நின்னு ஒத்துமை பண்ணணும்னு மூணு வழி சொன்னியே. அது மூணையும் இந்தத் தெருவுலயே செஞ்சுபுட்டு, ஒண்ணும் செய்யலங்கிற. உன்னையவிட உன்னைய வேடிக்க பாத்த எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கு. கேளு.

களப்பணிக்குன்னு நம்ம தெருவுக்கே வந்த. வீடு வீடாப் போயி, டிரம்முத் தண்ணியக் கொட்டிக் கழுவுங்கன்ன. கோழிக்காரம்மா என்ன சொன்னா? “குழாயில என்னைக்குத் தண்ணி வரும்னு அந்த மகமாயிக்குத்தான் தெரியும். இருக்கிறதையும் கொட்டிட்டு உன் நோட்டையா குடிக்கச் சொல்ற?”ன்னா. தெருவே சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன். வேற புள்ளையா இருந்தா, “பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லை”ன்னு அறிக்கையில எழுதிட்டு பஸ் ஏறியிருக்கும்.

நீ என்ன பண்ணின? தண்ணித் தொட்டி ஆபரேட்டரப் போயிப் பாத்த. அவருக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல, ஒரு அக்கறையும் இல்ல. எந்தத் தெருவுக்கு என்னைக்குத் தண்ணின்னு அவரு மனசுக்குள்ள மட்டும் இருந்த கணக்க ஒரு தாள்ல எழுத வச்ச. வெள்ளிக்கிழமை விடியக்காலை நம்ம தெருவுக்கு நிச்சயமாத் தண்ணி விடணும்னு பஞ்சாயத்துத் தலைவரு முன்னால அவர ஒத்துக்க வச்ச. அப்புறந்தான் பொம்பளைககிட்ட வந்த. எப்படியும் வெள்ளிக்கிழமைக்கு வீடு வாசல் கழுவுறவுகதானே? வியாழக்கிழமை பொழுதுசாய டிரம்மையும் சேத்துத் தேச்சுக் கழுவிருங்க, விடிஞ்சா புதுத் தண்ணின்ன. யாரு மறுக்கப் போறா?

கொட்டினா மட்டும் போதாது, ஓரத்துல ஒட்டியிருக்கிற முட்டை தண்ணியில்லாமலே மாசக்கணக்கா உசுரோட கெடக்கும், தேங்கா நாரப் போட்டுத் தேச்சாத்தான் போகும்னு அங்கதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரத்துலருந்து பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரம் ஒருக்கான்னு கணக்குப் போட்டுக் காட்டின. அதுவரைக்கும் இது ஏதோ அரசாங்கத்து வேண்டுதல்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

எல்லாத்தையும்விட பெரிய கில்லாடித்தனம் எது தெரியுமா? யாரு வீட்டு டிரம்மு கழுவலன்னு எட்டிப் பாக்குற வேலைய அந்தக் கோழிக்காரம்மாகிட்டயே ஒப்படைச்ச. அவளுக்கு அடுத்தவ வீட்ட எட்டிப் பாக்குறதுன்னா அல்வா. அதுக்கு அரசாங்க அனுமதி வேற குடுத்துட்ட. நீ படிப்ப முடிச்சுட்டுப் போயி எத்தனையோ வெள்ளிக்கிழமை போயிருச்சு. இன்னைக்கும் பொழுதுசாய அவ கொரலு கேட்டா நானே எந்திரிச்சுத் தொட்டியப் பாக்குறேன். தாயி, நீ இல்லாதப்பவும் நடக்குதே, அதுதான் அவுக கேக்குற தலைமை அனுபவம். இத விட்டுட்டுப் பேரணிக்குப் போற!

சொல்ற விதமும் இருக்கு. டவுனுப் பக்கம் நேர்காணலுக்குப் பழக்கி விடுறவுக, ‘ஸ்டார்’னு நாலு படி சொல்லிக் குடுக்குறாகளாமே: நெலமை என்ன, உன் தலையில விழுந்தது என்ன, நீ செஞ்சது என்ன, முடிவு என்ன. ஒப்பாரி வைக்கிற கிழவிக்கே அந்த வரிசை தெரியும். ஆனா எந்தப் படியில எத்தன நேரம் நிக்கிறதுன்னுதான் உங்களுக்குத் தெரியல. நெலமையச் சொல்லவே பாதிப் பொழுதப் போக்கிர்றீக. “நமது கிராமம் மலைகள் சூழ்ந்த...”னு ஆரம்பிச்சா அந்த அம்மா கண்ணு கடிகாரத்துக்குப் போயிரும். நெலமைக்கு ரெண்டு வரி. செஞ்சதுக்குத்தான் நெறைய நேரம். கேக்குறவுக கொட்டாவி விடுறதுக்குள்ள, ரெண்டு நிமிசத்துல முடியணும். இப்படிச் சொல்லிப் பாரு:

“மேடம், எங்க தெருவுல டிரம்முகள்ல ஏடிஸ் புழு இருந்துச்சு. தண்ணி என்னைக்கு வரும்னு தெரியாததால யாரும் கொட்டிக் கழுவ ஒத்துக்கல. அந்தத் தெருவ வாரம் ஒருமுறை கழுவ வைக்கிறது என் களப்பணிப் பொறுப்பு. மறுப்புக்குக் காரணம் அறியாமை இல்ல, தண்ணி வர்ற நாள் நிச்சயமில்லாததுதான்னு புரிஞ்சுக்கிட்டேன். அதனால முதல்ல தொட்டி ஆபரேட்டரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் பேச வச்சு, வெள்ளிக்கிழமைன்னு நாள் உறுதி பண்ணினேன். பெண்கள் ஏற்கெனவே வீடு கழுவுற வழக்கத்தோட இதைச் சேர்த்தேன். ரொம்ப எதிர்த்த ஒரு அம்மாகிட்டயே பார்வையிடுற பொறுப்பக் கொடுத்தேன். கழுவினது, கண்காணிச்சது எல்லாம் அவங்கதான். நான் படிப்பு முடிச்சு வந்த பிறகும் அது நடக்குது. புழு இருந்த வீடுகளோட கணக்கு இந்த நோட்டுல இருக்கு.”

இவ்வளவுதான். இதுல “தலைமை”ங்கிற வார்த்த எங்கயாவது வந்துச்சா? வரல. பெரிய விருந்து போட்டவன் எல தோறும் வந்து “விருந்து, விருந்து”ன்னு சொல்லிக்கிட்டுத் திரிய மாட்டான்.

அந்த நோட்ட மறந்துராம எடுத்துட்டுப் போ. நூறு வீட்டுக்கு எத்தன வீட்டுல புழு, எத்தன பாத்திரத்துல புழுன்னு ஒரு கணக்குச் சொன்னியே, பிரெட்டோ இண்டெக்ஸோ பன்னு இண்டெக்ஸோ, அத அப்படியே சொல்லு. ஒண்ணு கூட்டாத. இருபதுல ரெண்டு வீடு கடைசி வரைக்கும் கழுவலன்னா அதையும் சொல்லு. முழுசா நூத்துக்கு நூறுன்னு சொல்ற அறிக்கைய நம்பி நம்பி ஓஞ்சுபோன ஆளுக எதிர்ல உக்காந்திருப்பாக. ரெண்டு வீட்டுல தோத்தத நீயே சொன்னா, மிச்சப் பதினெட்ட அவுக நம்புவாக. இது நேர்மையும்தான், தந்திரமும்தான். எந்தப் பேருல வேணும்னாலும் வச்சுக்க.

அடுத்தது குறுக்குக் கேள்வி. “கிராம சுகாதார நர்சு உங்க பேச்சக் கேக்கலன்னா என்ன செய்வீங்க?” இது கண்ணி. “மேலதிகாரிகிட்டப் புகார் பண்ணுவேன்”னு சொன்னா அம்புட்டுதான், நாளைக்கு அவுகளையும் புகார் பண்ணுவன்னு எழுதிக்குவாக. “அன்பால் வெல்வேன்”ன்னும் சொல்லாத, அது சினிமா. நர்சு தலையில பிரசவம், தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கணினிப் பதிவுன்னு எத்தன இருக்கு? 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கி வச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தப்புறம், சர்க்கரை, ரத்த அழுத்தம் பாக்குற தன்னார்வலர்களோட வேலையும் அதே கிராமத்துல சேந்துருச்சு. “அவங்க வேலையில எது குறைஞ்சா என் வேலைக்கு நேரம் ஒதுக்குவாங்கன்னு மொதல்ல கேப்பேன். தடுப்பூசி நாளுக்கு வர்ற தாய்மார்கிட்டயே நான் பேசினா அவங்களுக்கு இன்னொரு கூட்டம் கூட்டுற வேலை மிச்சம்”னு சொல்லு. அடுத்தவ பாரத்தக் கொறைக்காம அவள உன் பின்னால வரச் சொல்ல உனக்கு என்ன தாயி உரிமை?

இன்னொண்ணு கேப்பாக: “வதந்தி பரவினா?” 2017 பிப்ரவரியில தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டப்ப நடந்தத நெனச்சுப் பாரு. ஒம்பது மாசக் கொழந்தையிலருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் போடணும்னாக. வாட்ஸ்அப்புல ஒரு கொரலு வந்துச்சு, போடாதீகன்னு. எவன் பேசினான், எந்த ஊர்க்காரன், ஒண்ணும் தெரியாது. ஆனா அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வராத புள்ளைகளுக்கெல்லாம் ஒரே நேரத்துல வயித்து வலி. சுகாதாரத் துறையில விளக்கத்துக்கு மேல விளக்கம் குடுத்தாக. நம்ம ஊர்ல நோட்டீச மடிச்சு வடை பொதிஞ்சாக.

சத்துணவுக் கூடத்துல சமைக்கிற அம்மா தன் பேரனுக்குப் போட்டுட்டு, மறுநாள் அவன டீக்கடைப் பக்கம் பந்து வெளையாட விட்டா. அவ ஒரு வார்த்த பேசல. ஊரு கண்ணால பாத்துச்சு. அதனால வதந்திக்கு எதிராப் பேசுவேன்னு மட்டும் சொல்லாத. “பயப்படுற தாய் யாரு பேச்ச நம்புவாங்கன்னு வதந்தி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குவேன். பயத்தக் கிண்டல் பண்ண மாட்டேன். மருத்துவக் கேள்விக்கு டாக்டரக் கூட்டிட்டு வருவேன்”னு சொல்லு. வதந்தி வந்தப்புறம் ஆளத் தேடுறவ தலைவி இல்ல, தீயணைப்பு வண்டி.

பணத்தப் பத்தியும் கேக்கலாம். கிராம சுகாதாரக் குழுவுக்கு வருசத்துக்குப் பத்தாயிரம் ரூவா நிபந்தனையில்லாத நிதின்னு தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் 2005-ல வந்ததுலருந்து ஒரு ஏற்பாடு. பத்தாயிரத்த வச்சு ஊரையே மாத்துவேன்னு சொல்லாத. கூட்டத்துல கணக்க வாசிப்பேன், எதுக்குச் செலவழிக்கிறதுன்னு குழுவ முடிவு பண்ண வைப்பேன்னு சொல்லு. பத்தாயிரம் ரூவாய்க்குக் கணக்கச் சபையில வாசிச்ச ஆள நம்பி லட்ச ரூவா குடுப்பான் இந்த ஊர்க்காரன்.

மிச்சமெல்லாம் சில்லறை. புடவையா சுடிதாரான்னு உன் அம்மாவக் கேட்டுக்க, எனக்கு ரெண்டும் ஒண்ணு. இங்கிலீசுல கேட்டா இங்கிலீசுல சொல்லு. தமிழ்ல கேட்டா தமிழ்லயே சொல்லு, நடுவுல நடுவுல “ஆக்சுவலி”ய அள்ளிப் போடாத. தெரியாததத் தெரியலன்னு சொல்லு. முன்ன வேலை பாத்த எடத்தக் கொறை சொல்லாத. அந்த மேனேஜரோட மச்சான் உள்ள உக்காந்திருக்கலாம். “அஞ்சு வருசத்துல எங்க இருப்பீங்க?”ன்னு பதினொரு மாச ஒப்பந்தத்துக்குக் கேப்பாக. சிரிச்சுராத, அது அவுக வேடிக்க.

கடைசியா, “நீங்க ஏதாவது கேக்கணுமா?”ம்பாக. சம்பளம் எவ்வளவுன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கு, அதக் கேக்காத. இப்படிக் கேளு: “எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க ஆரம்பிச்சதுல எது இன்னும் நடந்துக்கிட்டிருக்கு?” கேட்டுட்டுக் கம்முனு உக்காந்து அவுக மொகத்தப் பாரு. சட்டுனு ஒரு ஊரு பேரச் சொன்னாகன்னா நல்ல எடம், சேந்துரு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாகன்னா உனக்கு வேலை நெறைய இருக்கு, அப்பவும் சேந்துரு. “அதெல்லாம் ஃபைல்ல இருக்கும்மா”ன்னாகன்னா மட்டும் வீட்டுக்கு வந்து என்கிட்ட இன்னொரு தடவ பேசு.

வேலை கெடச்சா எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுக்கணும். மாத்திரைப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து, உப்பக் கொறைங்க தாத்தா, ஊறுகாய விடுங்க தாத்தான்னு என் முன்னால பாடம் நடத்தாத. நீ சொல்லி நான் கேக்கப் போறதில்ல. டாக்டரு சொல்லியே கேக்கல. உன் அப்பத்தாகிட்டப் பேசு. அடுப்பும் உப்பு ஜாடியும் அவ கையில. அவ கொறைச்சா நான் ரெண்டு நாளு மொகத்தத் தூக்குவேன், மூணாம் நாளு தின்னுட்டுப் போயிருவேன். அவளுக்கும் எனக்கும் இப்பப் பேச்சுவார்த்த இல்ல, ஊறுகாதான் காரணம். நடுவுல நின்னு எங்கள ஒத்துமை பண்ணிட்டன்னா, நேர்காணல்ல சொல்லிக்க இன்னொரு அனுபவமும் ஆச்சு.